சீர் மெத்தையில் ஒரு கை பஞ்சு

ரங்கநாதன் தெருவில் பஞ்சு விற்றவர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி இலவம்பஞ்சைக் கையில் வாங்கி, இது இந்த வருஷத்துக் காய், இது போன வருஷத்து மிச்சம், இது எவனோ படுத்துப் பழசான மெத்தையைப் பிரித்து அடித்த பஞ்சு என்று பிரித்துச் சொன்னவள் பேச்சியம்மாள் ஒருத்திதான். இதில் மிகை எதுவும் இல்லை. சந்தேகம் இருந்தால் அந்தக் காலத்தில் மாம்பலத்தில் கல்யாணம் செய்த வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

உடன்குடிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் கனகராஜுக்கு வாழ்க்கைப்பட்டு மதராஸுக்கு வந்தவள். படிப்பு இரண்டாங்கிளாஸ். கனகராஜ் கோடம்பாக்கம் ஸ்டூடியோவில் லைட்மேன். ஒரு வாரம் வேலை இருக்கும், இரண்டு வாரம் இருக்காது. அடுப்பு எரிய வேண்டுமே. வெட்டுத் துணியில் தலையணை உறை தைத்து, பஞ்சு திணித்து, இடுப்பில் நாலு, தலையில் ஆறு என்று தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்றாள். ஆறு வருஷம் அப்படி நடந்த பிறகு சொந்தமாக ஒரு கடை. கடை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஆள் காலை நீட்டிப் படுத்தால் தலை தெருவில் இருக்கும். ஆனால் அந்த ஐந்தடிக்குள்ளிருந்து அவள் அனுப்பிய மெத்தைகள் அடையாறு பங்களாக்கள் வரைக்கும் போயின.

இத்தனை கெட்டிக்காரிக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஊர் வாய் வைத்தது. அவள் மகள் தங்கத்துக்கு ஏழு வயது முடிந்தும் இரவில் பாயை நனைப்பது நிற்கவில்லை. இலவம்பஞ்சு ஒருமுறை நனைந்தால் கட்டிகட்டியாகப் போய்விடும். பிரித்து, உதிர்த்து, வெயில் காட்டினாலும் பழைய மெதுமை வராது. அதனால் தங்கம் சாக்கின் மேல் பழைய புடவையை விரித்துத்தான் படுத்தாள். “மெத்தைக் கடைக்காரி மகளுக்குக் கோணிச் சாக்கு” என்று எதிர்க்கடைக்காரர்கள் வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு பேசுவார்கள். பேச்சியம்மாள் காதில் விழும்படியாகவே பேசுவார்கள்.

எழுபத்து நாலாம் வருஷம், பங்குனி மாசம். போடியிலிருந்து புதுப் பஞ்சு மூட்டை வந்து இறங்கிய நேரம். தங்கம் பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் உட்கார்ந்து பஞ்சில் கிடந்த விதைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது கனகராஜின் அக்காள் முத்தம்மா கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். வைகாசியில் அவள் மகளுக்குக் கல்யாணம். வடபழனி முருகன் கோயில் பக்கத்தில் மண்டபம் பிடித்திருந்தார்கள். மணமக்களுக்கான சீர் மெத்தை பேச்சியம்மாள் கையால்தான் என்பது முன்பே பேசி முடித்த விஷயம்.

“நீயும் தம்பியும் மூணு நாளும் மண்டபத்துலயே கெடக்கணும் கேட்டியா. எல்லாம் நீதான் பாக்கணும்” என்றாள் முத்தம்மா. பிறகு குரலைத் தணித்தாள். ஐந்தடிக் கடையில் குரலைத் தணித்து என்ன பிரயோஜனம்? “பிள்ளைய மட்டும் வீட்டுல விட்டுரு.”

தங்கத்தின் விரல்கள் பஞ்சுக்குள் நின்றுவிட்டன.

“ஏன் மதினி, அவளுக்கு அம்மை கிம்மை போட்டிருக்கா?”

“தெரியாத மாதிரி கேக்காதளா. பொங்கலுக்கு எங்க வீட்டுல படுத்துட்டு என்னாச்சு? மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைய எல்லாரும் ஒரே ஹாலுலதான் படுப்பாவ. காலைல நாத்தம் அடிச்சா மானம் எனக்குல்லா போவும்?”

பேச்சியம்மாள் கோணி ஊசியில் நூலைக் கோத்து, பல்லால் கடித்து அறுத்தாள்.

“சீர் மெத்தை யாரு தைக்கது?”

“நீதான். இதென்ன கேள்வி.”

“பிள்ளை வந்தா மெத்தை வரும். பிள்ளை வராட்டா மெத்தையும் வராது.”

“எங்கிட்டயேவா? இந்த ஊருல வேற மெத்தைக் கடையே இல்லையாக்கும்.”

“ஏன் இல்லாம? எதுத்தாப்புலயே ரெண்டு இருக்கு. போயி வாங்குங்க. செத்தவன் படுத்த பஞ்சை அடிச்சுப் புதுசுன்னு குடுப்பான். ஆடி மாசத்துக்குள்ள உங்க மக கட்டாந்தரையில உருளுவா.”

முத்தம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. “சரி, வந்து படுத்து நனைச்சுட்டுன்னா?”

“நனைச்சா நான் அலசுதேன். உங்களையா அலசச் சொன்னேன்?”

முத்தம்மா பத்திரிகையைத் தலையணை அடுக்கின் மேல் வைத்துவிட்டுப் போனாள். தங்கம் பொறுக்கிய விதைகளை ஒதுக்கி வைத்தாள். பிறகு, “யம்மா, நான் போகாண்டாம்” என்றாள். அந்த வார்த்தைதான் பேச்சியம்மாளைக் குத்தியது. முத்தம்மா சொன்னது வெளி ஆள் பேச்சு, அதற்குப் பதில் கொடுத்தாயிற்று. பிள்ளையே தன்னை வேண்டாம் என்று தள்ளிக்கொண்டதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

சும்மா இருந்தாள் என்று நினைக்க வேண்டாம். மூன்று வருஷமாக வைத்தியம் நடந்துகொண்டுதான் இருந்தது. அவள் கணக்குப்படி இது சூடு. பஞ்சு சூடு. கடையில் பஞ்சுக்குள்ளேயே புரண்டு வளர்ந்த பிள்ளை உடம்பில் அந்தச் சூடு இறங்கிவிட்டது, சூடு தாங்காமல்தான் தூக்கத்தில் போகிறது. சூட்டுக்கு மருந்து குளிர்ச்சி. இராத்திரி ஒன்பதரைக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்ததும், பார்லியைக் கொதிக்க வைத்து, பனங்கற்கண்டு தட்டிப் போட்டு, அதில் ஊறிய சப்ஜா விதையையும் கலந்து ஒரு சொம்பு. தூங்குகிற பிள்ளையை உட்கார வைத்து, முதுகைத் தாங்கிக் குடிக்க வைப்பாள். முதலில் ஒரு தம்ளர்தான் கொடுத்தாள். குணம் தெரியவில்லை என்று இரண்டு தம்ளர் ஆக்கினாள். அதற்கும் தெரியவில்லை என்று சொம்பு ஆக்கினாள். ஒருநாள் தவறியதில்லை. காய்ச்சல் வந்த நாளிலும் கொடுத்தாள்.

அக்கம்பக்கத்து வைத்தியத்தை மட்டும் அவள் கிட்டே சேர்க்கவில்லை. “கரண்டியப் பழுக்கக் காய்ச்சித் தொடைகிட்டக் காமி, பயந்துபோய் நின்னுடும்” என்று பக்கத்துக் குடித்தனக்காரி ஒருத்தி சொன்னாள். “காய்ச்சுதேன். மொதல்ல உன் நாக்குல வச்சுப் பாக்கேன், பேச்சு நிக்கான்னு” என்றாள் பேச்சியம்மாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் குழாயடியில்கூட இவளுக்கு வழி விட்டாள்.

முத்தம்மா வந்து போன மறுநாள் ஹாஜிரா பீ கடைக்கு வந்தாள். மெத்தைக்குக் கோடு போட்ட துணியை அளந்து உறை தைத்துக் கொடுப்பவள் அவள். மீர்சாகிப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வருவாள். ஐந்து பிள்ளை பெற்றவள். வாயில் எப்போதும் நூல் ஒன்று தொங்கும்.

“இன்னா பேச்சிம்மா, கொயந்த மூஞ்சி ஏன் இப்டி கீது?”

பேச்சியம்மாள் நடந்ததைச் சொன்னாள். சூட்டைச் சொன்னாள். குளிர்ச்சியைச் சொன்னாள். ஹாஜிரா பீ வாயிலிருந்த நூலை எடுத்தாள்.

“எப்ப குடுக்குறே?”

“ராத்திரி, படுக்கும்போது.”

“எவ்ளோ?”

“ஒரு சொம்பு.”

“ஒரு சொம்பா? அல்லா. அது வவுறா, கார்ப்பரேசன் டாங்க்கா? மேல ஊத்திக்கினே இருந்தா கீய வராம எங்கம்மா போவும்?”

“இது குளுமைக்கு பீம்மா. தண்ணி வேற, மருந்து வேற.”

“மருந்துன்னு எய்தி ஒட்டிக்கினா வவுத்துல போவுது? நம்ம நாலாவது பையன் பத்து வயசு வரிக்கும் பாய நனச்சிக்கினு இருந்தான். இப்ப லாரி ஓட்றான். அட்சி இன்னா கண்டோம். பொயுதோட நல்லா குடிக்கட்டும், வெயில் காலம், கொறைக்காத. படுக்க சொல்ல மட்டும் குடுக்காத. படுக்கறதுக்கு மின்ன ஒரு தபா இட்டுக்கினு போ. தானா நிக்கும்.”

பேச்சியம்மாள் பஞ்சு அடிக்க எழுந்தாள். அன்று பகல் முழுக்க மூங்கில் கம்பால் பஞ்சை அடித்த அடியில் தெருவே வெள்ளையாகிவிட்டது. மூன்று வருஷம், ஒருநாள் தவறாமல். தன் கையால். அதை நினைக்க நினைக்கக் கம்பு வேகமாக இறங்கியது.

அவள் வாயால் “நான் செய்தது தப்பு” என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. அன்றும் சொல்லவில்லை. மறுநாள் நாலு மணிக்குப் பார்லித் தண்ணீரைக் கடைக்கே கொண்டுவந்து தங்கத்திடம் நீட்டினாள். “குளிர்ச்சி பகல்ல குடுத்தாத்தான் உடம்புல புடிக்கும்” என்று ஹாஜிரா பீயிடம் விளக்கம் வேறு சொன்னாள். ஹாஜிரா பீ நூலைக் கடித்துக்கொண்டு, “ஆமா, கரெக்ட்டு” என்றாள்.

தண்ணீர் ஒரு பாதி. மறு பாதி வீட்டில் இருந்தது. மாம்பலத்தில் ஆறு குடித்தனம் இருந்த வீடு. கக்கூஸ் பின்கட்டைத் தாண்டி, கிணற்றுக்கு அந்தப் பக்கம். வீட்டுக்காரப் பங்கஜம் மாமி ஒன்பது மணிக்குப் பின்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். ஒன்பதரைக்கு வருகிறவளுக்கு அது தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். பெரியவர்கள் அடக்கிக்கொண்டார்கள், அதனால் அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. ஹாஜிரா பீ “இட்டுக்கினு போ” என்று சொன்ன அன்றுதான், எங்கே இட்டுக்கொண்டு போவது என்ற கேள்வி வந்தது.

“மாமி, பின்கதவுச் சாவி ஒண்ணு எனக்கு வேணும்.”

“நன்னா இருக்கே. ராத்திரி நீ திறந்து போட்டுட்டுத் தூங்கினா எவனாவது வந்து எங்காத்து வெங்கலப் பானையைத் தூக்கிண்டு போயிடுவான்.”

“பிள்ளைக்கு அவசரம்னா என்ன செய்ய?”

“அதான் பாயிலேயே போயிடறதே” என்று மாமி சிரித்தாள். கூடத்தில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

பேச்சியம்மாள் சிரிப்பு அடங்கும் வரைக்கும் நின்றாள். “பூட்டுத பூட்டு உங்களது. பேரு மட்டும் என் பிள்ளைக்கா? சரி மாமி. இதுவரைக்கும் நனைஞ்ச சாக்கை மொட்டை மாடியில, யாரு கண்ணுலயும் படாம மூலையில போட்டேன். நாளையிலேருந்து வாசல் கேட்டுல போடுதேன். யாராவது கேட்டா, வீட்டுக்காரம்மா கக்கூசைப் பூட்டிட்டாவ, ஆறு குடித்தனமும் இப்படித்தான் கெடக்கோம்னு சொல்லுதேன். வெயிலும் கேட்டுலதான் நல்லா அடிக்கும்.”

சொன்னதைச் செய்கிறவள் என்று மாமிக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் சாவி வந்தது. கிணற்றடி இருட்டுக்குக் கனகராஜ் வழி கண்டுபிடித்தான். ஸ்டூடியோவில் பகலை இரவாக்கி இரவைப் பகலாக்குகிற ஆளுக்கு இது ஒரு வேலையா? தங்கள் அறையிலிருந்து ஒரு வயரை இழுத்து, கிணற்றுத் தூணில் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்றைக் கட்டிவிட்டான். மாமி வாயைத் திறப்பதற்குள், “எங்க மீட்டர்தான் மாமி” என்று முடித்தான்.

பிறகு நடந்தது ஒன்றும் மந்திரம் இல்லை. படுக்கப் போகுமுன் ஒருமுறை சிவப்பு விளக்குக்கு நடை. பேச்சியம்மாள் கடை சாத்தி வந்து, தான் படுக்கிற நேரத்துக்குப் பிள்ளையை எழுப்பி மறுபடி ஒரு நடை. எழுப்பும்போது அதட்டல் இல்லை. மெத்தையைத் தட்டுவது போல முதுகில் இரண்டு தட்டு.

கூடவே இன்னொன்றும் செய்தாள். நல்ல கோடு போட்ட துணியில் சின்னதாக ஒரு தலையணை உறையைத் தைத்துத் தங்கத்திடம் கொடுத்தாள். வெறும் உறை. “இது உன் தலகாணி. சாக்கு காஞ்சு இருந்த அன்னைக்குக் கடைக்கு வந்து ஒரு கை பஞ்சு எடுத்து இதுல போடு. மூட்டையில எது நல்ல பஞ்சோ அதை எடு.”

“நனைஞ்சா?”

“நனைஞ்சா ஒண்ணும் இல்ல. போடாண்டாம்.”

முதல் வாரத்தில் ஒரு கை. இரண்டாம் வாரத்தில் இரண்டு கை. பிறகு ஒரே வாரத்தில் ஐந்து. தங்கம் உறையைத் தூக்கிக் காட்டிக் குதித்தாள். அடுத்த வாரம் நாலு இரவு தொடர்ந்து நனைந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் அவள் கடையில் ஓசைப்படாமல் உறையைக் கவிழ்த்துப் பஞ்சை மூட்டைக்குள் திருப்பிக் கொட்டப் போனாள். பேச்சியம்மாள் கையைப் பிடித்தாள்.

“என்ன செய்யுத?”

“நான்தான் நனைச்சுட்டேனே.”

“போட்ட பஞ்சைப் புடுங்குத வழக்கம் நம்ம கடையில கெடையாது. வாங்கினவன் காசு குடுக்காட்டாலும் நான் புடுங்கினது இல்ல. எடுத்து உள்ள வை.”

தங்கம் எடுத்து வைத்தாள். அதுவரை காலையில் எழுந்து படுக்கையைத் தடவிப் பார்க்கும்போது பிள்ளை கண்ணை மூடிக்கொள்வாள், அன்றைக்குப் பிறகு அது நின்றது. நனைந்திருந்தால், “இன்னைக்கு இல்ல” என்று சொல்லிச் சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது தலையணை முக்கால் நிறைந்திருந்தது.

சீர் மெத்தை தயாரான கதையைத் தனியாகவே எழுதலாம். புதுப் பஞ்சில் விதை ஒன்றுகூட விடாமல் பொறுக்கியவள் தங்கம். உறை ஹாஜிரா பீ. திணித்துத் தைத்தது பேச்சியம்மாள். இரண்டு ஆள் தூக்கிக் கைவண்டியில் வைத்தபோது எதிர்க்கடைக்காரர்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள். அந்தக் கைவண்டி வடபழனிக்குப் போக, பின்னாலேயே தாயும் மகளும் தலையணையுமாகப் பஸ் ஏறினார்கள்.

மண்டபத்தில் முத்தம்மா மெத்தையை அமுக்கிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள். படுக்கிற நேரம் வந்ததும் மலர்ச்சி சுருங்கியது. “மாடிப்படிக்கு அடியில காய்கறி மூட்டைப் பக்கம் எடம் கெடக்கு. பிள்ளைய அங்கன போடு. பெறத்தால ஒரு பேச்சு வரப்படாது.”

“மாடிப்படிக்கு அடியில பூசணிக்காயைப் படுக்க வையுங்க” என்றாள் பேச்சியம்மாள். தன் ஜமக்காளத்தை ஹால் நடுவில், மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்குப் பக்கத்திலேயே விரித்தாள். அதற்கு முன்பே தங்கத்தைக் கக்கூஸ் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், இந்தக் கதவு, இந்த நடை, இங்கே விளக்குப் பொத்தான் என்று இரண்டு தடவை நடத்திக் காட்டியிருந்தாள். தங்கம் தன் தலையணையைத் தலைக்கு வைத்தாள். மாப்பிள்ளையின் சித்தி ஒருத்தி, “இது ஏன் காத்து போன பலூன் மாதிரி இருக்கு?” என்று கேட்டாள்.

“இன்னும் நெறையல. நெறைச்சுக்கிட்டு இருக்கேன்” என்றாள் தங்கம்.

விடிகாலை நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்க்கும்போது முத்தம்மா வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகக் குனிந்து, தங்கம் படுத்திருந்த இடத்தில் ஜமக்காளத்தின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கொண்டை போடுவதை நிறுத்திப் பார்த்தார்கள்.

“நல்லாத் தடவுங்க மதினி. நாலு மூலையும் தடவுங்க. அவசரம் இல்ல” என்றாள் பேச்சியம்மாள்.

காய்ந்திருந்தது. முத்தம்மா கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள், ஈரமே இல்லாத கையை.

“நான் மூணு மணிக்கு எழுந்து போனேன் அத்தை. தனியாத்தான் போனேன். யம்மா குறட்டை விட்டுக்கிட்டு இருந்தா” என்றாள் தங்கம். பேச்சியம்மாளுக்கே அது அப்போதுதான் தெரியும். மெத்தை வேலையில் மூன்று இரவு தூங்காதவள், பிள்ளையை எழுப்ப வேண்டும் என்று நினைத்தபடியே அடித்துப் போட்டது போல் தூங்கிவிட்டிருந்தாள்.

தங்கம் தலையணையோடு வந்து நின்றாள். “யம்மா, இன்னைக்குப் பஞ்சு?”

கடை எங்கே, வடபழனி எங்கே. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். பேச்சியம்மாள் இடுப்புப் பையிலிருந்து கோணி ஊசியை எடுத்தாள். நேராக மணமேடைக்குப் பக்கத்தில், பூச்சரம் சுற்றிச் சீர்ப் பாத்திரங்களோடு வைத்திருந்த மெத்தையிடம் போனாள். மூலைத் தையலில் ஊசியை விட்டு இரண்டு தையலைப் பிரித்தாள்.

“ஏளா, என்ன காரியம் செய்யுத?” முத்தம்மா ஓடி வந்தாள். “தாலி கட்டலை, அதுக்குள்ள சீர் மெத்தையைப் பிரிக்கியே. அபசகுனம்ளா. சம்பந்தக்காரங்க பாக்காவ.”

“பாக்கட்டும். உள்ள என்ன பஞ்சு இருக்குன்னு அவங்களும் தெரிஞ்சுக்கிடட்டும்” என்றாள் பேச்சியம்மாள். “இந்த மெத்தையில ஒரு விதை இல்ல. அத்தனையும் பொறுக்கினது இவ. இவளை மாடிப்படிக்கு அடியில போடச் சொன்னீய. தங்கம், நீயே எடு. நல்லா ஒரு கை எடு.”

தங்கம் மூலைக்குள் கையை விட்டு, விரல் கொள்ளும் மட்டும் பஞ்சை அள்ளி, தன் தலையணைக்குள் திணித்தாள். மாப்பிள்ளையின் சித்தி கிட்டே வந்து, தரையில் விழுந்த ஒரு துணுக்கைப் பொறுக்கி விரலில் தேய்த்துப் பார்த்தாள். “அப்படியே பட்டு மாதிரி இருக்கே. கடை எங்கே?” என்றாள்.

“ரங்கநாதன் தெரு. பேச்சியம்மான்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க” என்றாள் பேச்சியம்மாள். பிறகு முத்தம்மா பக்கம் திரும்பினாள். “மதினி, சும்மா நிக்காம இந்த மூலையைக் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்க. தைக்கணும்லா.”

முத்தம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு குனிந்து, துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள். பேச்சியம்மாள் அவசரப்படாமல், தையல் மேல் தையலாக, முடிச்சுப் போட்டு முடித்தாள்.